முயல் வியாபாரிகளிடம் சிக்கிய கோல்ப் மைதானம்

கடன் தொல்லையில் அகப்பட்டவர் முதலில் விற்க நினைப்பது உடனடி வருமானம் தராத சொத்தைத்தான். குடும்பங்கள் மட்டுமன்றி நகரசபைகளும் அரசாங்கங்களும்கூட இதற்கு விதிவிலக்கல்ல. 'சும்மா கிடக்கும் காணி' என்ற பேச்சுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய நட்டம் மறைந்திருக்கலாம் என்பதற்கு, ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள சென்ட் அன்ட்ரூஸ் என்ற சிறிய நகரம் நல்லதோர் உதாரணமாகும்.

கோல்ப் ஆடுபவர்கள் வாழ்நாளில் ஒரு தடவையாவது ஆடிப் பார்க்க விரும்பும் 'ஓல்ட் கோர்ஸ்' மைதானம் இங்குதான் இருக்கின்றது. கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தை அங்குள்ளவர்கள் 'லிங்ஸ்' என்பார்கள். உழுது பயிரிட உதவாத நிலம் அது. ஆனால் மழைநீர் தேங்காமல் வடிந்துவிடும். மெல்லிய புல் கட்டையாகவும் அடர்த்தியாகவும் வளரும். மேடு பள்ளங்களைக் காற்றும் கடலும் அமைத்தன. புல்லை ஆடுகளும் முயல்களும் மேய்ந்து சமன் செய்தன. ஓல்ட் டொம் மொரிஸ் போன்ற பராமரிப்பாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் திருத்தங்கள் செய்தபோதும், நிலத்தின் அடிப்படை வடிவம் இயற்கையினுடையதே.

அங்கு ஆடுவதும் வேறுவிதமானது. பந்தை உயரத் தூக்கி அடித்தால் கடற்காற்று அதனை எங்கோ கொண்டு சென்றுவிடும். தாழ அடித்து, தரையின் மேடு பள்ளம் பார்த்து உருட்ட வேண்டும். 112 மணற்குழிகள் காத்திருக்கின்றன. 18 குழிகளில் 14 குழிகள், இரண்டிரண்டாக ஏழு பெரிய புற்பரப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றன. உலகெங்கும் ஓர் ஆட்டத்துக்கு 18 குழிகள் என்ற வழக்கமும், 1764இல் இங்கு 22 குழிகள் 18ஆகக் குறைக்கப்பட்டதன் வழியே வந்ததாகும்.

இந்த நிலம் ஒருமுறை கைநழுவிப் போனது. 1552ஆம் ஆண்டிலேயே பேராயர் ஜோன் ஹமில்டன், லிங்ஸ் நிலத்தில் கோல்ப் ஆட நகர மக்களுக்கு உள்ள உரிமையை ஏற்று எழுத்தில் கொடுத்திருந்தார். எனினும் 1797இல் பண நெருக்கடிக்குள்ளான நகரசபை அதனைக் கைமாற்றியது. சிறிது காலத்தில் அது முயல் வளர்க்கும் வியாபாரிகளிடம் சென்றது. புத்தகக் கணக்கில் பார்த்தால் இதில் பிழை சொல்ல முடியாது. முயலின் இறைச்சிக்கும் தோலுக்கும் சந்தையில் விலை இருந்தது. கோல்ப் ஆடியவர்களோ சபைக்கு வருமானம் தரவில்லை. ஆனால் முயல்கள் தோண்டிய பொந்துகளால் ஆட்டமே கெட்டது. தகராறு வழக்காகி, பிரித்தானியப் பிரபுக்கள் சபை வரை சென்றது. இறுதியில் 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அந்நிலத்தை வாங்கியதாலேயே மைதானம் தப்பியது.

பின்னர் 1894இல் பாராளுமன்றச் சட்டமொன்றின் மூலம் அது மீண்டும் நகருக்குக் கிடைத்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகத்தை ஒரு பொது நம்பிக்கைப் பொறுப்பிடம் ஒப்படைத்தது. மைதானத்தின் ஓரத்தில் கம்பீரமாக நிற்கும் பிரபல கழகத்தின் கட்டிடத்தைப் பார்த்து, மைதானமும் அக்கழகத்துக்கே சொந்தம் எனப் பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. இது பொதுச் சொத்து. தேவையான ஆட்டத் தகுதியைக் காட்டும் எவரும் அங்கு ஆட விண்ணப்பிக்கலாம். கணிசமான இடங்கள் சீட்டிழுப்பு மூலமே வழங்கப்படுகின்றன. கோடீஸ்வரரும் சாதாரண ஊழியரும் அதே சீட்டுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில், பெரும் போட்டிகள் நடக்கும் வாரங்கள் தவிர, ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் இல்லை. அன்று நகர மக்கள் பிள்ளைகளுடனும் நாய்களுடனும் அங்கு உலாவுகின்றனர். 2024 கோடையில் ஓர் ஆட்டத்துக்கு ஒருவரிடம் 320 பவுண் அறவிடப்பட்டது. அவ்வாறிருக்க வருடத்தில் ஏறத்தாழ ஐம்பது நாட்களை வெறுமனே விடுவது முட்டாள்தனம் என ஒரு கணக்காளர் சொல்லக்கூடும். எமது பார்வையில் இதுவே சிறந்த வியாபாரம். ஓய்வு நாளில் புல் தேறுகின்றது. நகரவாசிகளுக்கும் 'இது எங்களுடையது' என்ற உணர்வு தேயாமல் இருக்கின்றது. அந்த உணர்வுதான் அடுத்த நகரசபை அதனை விற்காமல் தடுக்கும் காவல்.

320 பவுண் அதிகம் என்ற முறைப்பாட்டில் நியாயம் இருக்கின்றது. எனினும் நகரவாசிகளுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. அதே பொறுப்பு நடத்தும் ஏனைய ஆறு மைதானங்களிலும் கட்டணம் குறைவு. வருமானம் பங்குதாரர்களின் பைக்குப் போவதில்லை. மைதானங்களுக்கே திரும்பிச் செல்கின்றது. வரும் விருந்தாளிகளால் ஹோட்டல்களும் உணவகங்களும் கடைகளும் பிழைக்கின்றன.

இதே நாட்டில் மறுபக்கமும் உண்டு. அபர்டீன் நகருக்கு வடக்கே மெனி என்ற இடத்தில், காற்றில் நகர்ந்துகொண்டே இருந்த அரிய மணல்மேடுகள் விசேட பாதுகாப்புப் பெற்றிருந்தன. பொருளாதார நன்மையைக் காரணம் காட்டி ஸ்கொட்லாந்து அரசாங்கம் 2008இல் டொனால்ட் ட்ரம்பின் கோல்ப் திட்டத்துக்கு அனுமதி வழங்கியது. 2012இல் மைதானம் திறக்கப்பட்டது. மணல்மேடுகளின் இயற்கைச் சிறப்பு கெட்டுவிட்டதால் 2020இல் பாதுகாப்புத் தகுதி நீக்கத் தீர்மானிக்கப்பட்டது. நகரும் மணலை ஓரிடத்தில் நிறுத்திய பின்னர், பழைய நிலைக்கு அதனைக் கொண்டுவர எந்த முதலீட்டாளராலும் இயலாது.

தனியார் முதலீடு கூடாது என்பதல்ல எமது வாதம். பொதுக் காணியொன்றுக்கு விலை பேசும் முன்னர், இன்று அதனைப் பயன்படுத்துவோர் யார், விற்ற பின்னர் அவர்கள் எங்கே போவார்கள், தவறு நேர்ந்தால் அதனை மீட்க முடியுமா என்று கேட்க வேண்டும். சென்ட் அன்ட்ரூஸ் இழந்ததைத் திரும்பப் பெற ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அதற்கும் நடுவில் ஒரு நல்ல மனிதர் வாங்க வேண்டியிருந்தது. எல்லா ஊர்களுக்கும் ஒரு ஜேம்ஸ் சீப் கிடைப்பதில்லை.