கீரையும் ஆய்வும்

முன்னோர் கூற்று முழுவதையும் மெய்யென ஏற்பதும் பொய்யெனத் தள்ளுவதும் எளிய செயல்களே. இரண்டிற்கும் ஆராயும் உழைப்புத் தேவையில்லை. அவ்வுழைப்பை வாழ்நாள் பணியாக மேற்கொண்டவர் வேதியியல் அறிஞர் அசிமா சாட்டர்ஜி.

1917இல் கொல்கத்தாவில் பிறந்த அவர், 1944இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று அறிவியல் முனைவர் பட்டம் வழங்கிய முதல் பெண்மணி அவரே.

நாம் ஆரைக்கீரை என்று அழைக்கும் நான்கிலை நீர்ச்செடியை வங்காள மக்கள் ‘சுசுனி’ என்று அழைத்துச் சமைத்து உண்பர். அது நல்லுறக்கம் தரும் என்றும் நம்புவர். அந்நம்பிக்கையைப் போற்றிப் பேசுவதோடு அவர் நின்றுவிடவில்லை. அக்கீரையினத்தை ஆய்வகத்தில் பகுத்தறிந்தார். அதனையும் சடாமாஞ்சிலையும் கொண்டு ‘ஆயுஷ்-56’ என்னும் வலிப்புநோய் மருந்து உருவாயிற்று.

உணவே மருந்து எனப் பெருமை கொள்கிறோம். எந்த உணவு, எந்நோய்க்கு, எவ்வளவு என்னும் வினாக்களுக்கு விடை காணாத பெருமை நோயாளிக்கு உதவாது. மரபைச் சோதித்தறிதல் மரபை இகழ்தலன்று. அதுவே மரபுக்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பு.