க்ளிக் கார்னர்: காலிப் பையைத் தூக்கிப் பாருங்க பாஸ்!

இன்டர்னல், அரியர், அட்டெண்டன்ஸ்னு எல்லாப் பஞ்சாயத்தையும் கொஞ்ச நேரம் ஓரமா வெச்சுட்டு இப்படி வாங்க. இந்த வாரம் ஒரு கடிதம் நம்மளை ரொம்பவே யோசிக்க வெச்சிடுச்சு.

திருநெல்வேலிப் பக்கம் விஸ்காம் மூணாவது வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. "அண்ணா, எங்க டீம் துர்கா பூஜையை ஷூட் பண்ண கொல்கத்தா போறோம். தூத்துக்குடியில ஏறி சென்னையில மாறணும். எங்க வீட்டுல முதல்முதலா ஃப்ளைட் ஏறப் போறது நான்தான். டிபார்ட்மென்ட்டோட கேனான் 1500டி கேமரா, மூணு லென்ஸ், எல்லாத்துக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன். ஏதாவது ஆச்சுன்னா எங்கப்பாவால கட்ட முடியாது. 3,000 ரூபாய்க்குள்ள நல்ல பேக் ஒண்ணு சொல்லுங்கண்ணா."

இதைப் படிச்சதும் எனக்கு 2008-ம் வருஷம் ஞாபகத்துக்கு வந்துடுச்சு. அப்போ நானும் இதே மாதிரிதான், முதல் ஃப்ளைட். குவாஹாட்டியில ஒரு நண்பனோட அக்கா கல்யாணம். 'படம் நான் எடுக்கறேன்டா'னு வாய் விட்டாச்சு. கையில கேமரா கிடையாது. மதுரையில எனக்குத் தொழில் கத்துக்கொடுத்த ஸ்டூடியோ அண்ணன்கிட்ட போய் நின்னேன். ஒரு வார்த்தை கேட்கலை. பாடி, ரெண்டு லென்ஸ், ஃப்ளாஷ் எல்லாம் எடுத்து மேசையில வெச்சார். "பத்திரம்பா"ன்னார். அவ்வளவுதான்.

பத்திரமா இருக்கணுமேன்னு நான் என்ன பண்ணேன்? இருக்கறதுலயே பெருசா, கனமா, சுத்தி பஞ்சு வெச்ச ஒரு கேமரா பேக்கை நண்பன்கிட்ட கடன் வாங்கினேன். பார்க்கவே ராணுவ டாங்கி மாதிரி இருக்கும். அதுக்குள்ள லேப்டாப், ரெண்டு சட்டை, அம்மா கொடுத்த முறுக்கு டப்பா வரைக்கும் திணிச்சாச்சு.

சென்னை ஏர்போர்ட்ல போர்டிங் கேட் வரைக்கும் ராஜா மாதிரி நடந்தேன். கேட்ல இருந்தவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தராசைக் காட்டினார். 9.2 கிலோ! "கீழே போடணும் சார்." பின்னாடி க்யூவுல நூறு பேர் முறைக்கிறாங்க. பதற்றத்துல பாடியை மட்டும் உருவிக் கழுத்துல மாட்டிக்கிட்டு, பையைக் கொடுத்துட்டேன். உடையக்கூடிய பொருள், சேதத்துக்கு நாங்க பொறுப்பில்லைங்கிற மாதிரி ஒரு டேக்ல கையெழுத்து வாங்கினாங்க. படிக்காமலே போட்டேன்.

குவாஹாட்டியில பை வந்துச்சு. பெரிய ஜூம் லென்ஸைத் திருப்பினேன்... திரும்பலை. உள்ளே ஏதோ 'கடகட'னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னிக்கும் காதுல இருக்கு.

ஊருக்கு வந்து அண்ணன் முன்னாடி லென்ஸை வெச்சேன். திட்டுவார்னு நினைச்சேன். அவர் அதைக் கையில எடுத்துக்கூடப் பார்க்கலை. "நீ நல்லபடியா வந்துட்டீல்ல?"ன்னார். திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் ஃப்ரெண்ட்ஸ். அந்த ரிப்பேர் காசுக்காக எட்டு மாசம் அவர்கூட கல்யாண வீடுகள்ல லைட் பிடிச்சேன்.

சரி, சோகக் கதை போதும். நான் எங்கே கோட்டை விட்டேன்? கேமராவைக் காப்பாத்தத்தான் அந்தக் கனமான பை. அந்தக் கனத்தாலதான் கேமரா என் கையை விட்டே போச்சு. அதனால நம்ம முதல் பாடம்: ஃப்ளைட்டுக்கு கேமரா பேக் வாங்கும்போது பஞ்சு எவ்வளவு, பாக்கெட் எத்தனைன்னு அப்புறம் பாருங்க. முதல்ல காலியா எவ்வளவு வெயிட்னு பாருங்க!

கணக்குப் போடுவோமா? நம்ம ஊர் உள்நாட்டு ஃப்ளைட்ல எகானமி டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் கையில கொண்டுபோக ஒரு பை, 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூணையும் கூட்டினா 115 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். கூடவே ஒரு லேப்டாப் பையோ ஹேண்ட்பேகோ சில நிறுவனங்கள் விடுவாங்க. அதை உங்க டிக்கெட்லயே பார்த்துக்கோங்க.

இப்போ ஒரு கல்யாண போட்டோகிராபரோட பையைத் திறப்போம். கேனான் 5டி மார்க் 4 பேட்டரியோட 890 கிராம். 24-70 லென்ஸ் 805. 70-200 லென்ஸ் 1,490. குட்டி 50 எம்எம் 160. மொத்தம் 3,345 கிராம். லேப்டாப் ஒன்றரை கிலோ, சார்ஜர், பேட்டரி, ஹார்ட் டிஸ்க், வயர் எல்லாம் முக்கால் கிலோன்னு வைங்க. தோராயமா 5.6 கிலோ ஆச்சு. பைக்கு மிச்சம் இருக்கறது வெறும் 1.4 கிலோ! அந்த இடத்துல இரண்டரை கிலோ பை வாங்கினா, கேட்லயே 8.1 கிலோ. சக்கரம் வெச்ச சில ரோலர் பேக் காலியாவே நாலு கிலோகிட்ட வரும். இழுக்க சுகம், தராசுல சோகம்!

தங்கச்சி, உங்க கணக்கைப் பாருங்க. 1500டி பேட்டரியோட 475 கிராம். கூட வர்ற 18-55 லென்ஸ் 200, 55-250 லென்ஸ் 375, 50 எம்எம் 160-னு வெச்சுக்கிட்டா மொத்தம் 1,210 கிராம்தான். சார்ஜர், எக்ஸ்ட்ரா பேட்டரி சேர்த்தாலும் ஒன்றரை கிலோ. இதுக்கு எதுக்கு டாங்கி?

அதனால என் ஓட்டு, நீங்க தினமும் காலேஜுக்கு மாட்டிட்டுப் போற பைக்கே! அதுக்குள்ள வைக்கிற மாதிரி, தடுப்புகளோட ஒரு பஞ்சுப் பெட்டி கேமரா கடைகள்ல தனியா கிடைக்கும். 'இன்சர்ட்'னு கேளுங்க. உங்க பட்ஜெட்டுக்குள்ளயே வந்துடும். இதுல மூணு லாபம். ஒண்ணு, வெயிட் குறைவு. ரெண்டு, 'உள்ளே கேமரா இருக்கு, வாங்க'ன்னு திருடனுக்கு போர்டு மாட்டாத சாதாரண பை. மூணு, கேட்ல பையைக் கீழே போடச் சொன்னாலும், இன்சர்ட்டை மட்டும் முட்டைக்கூடை மாதிரி தூக்கி மடியில வெச்சுக்கலாம்.

'என் பை 7 கிலோவுக்குள்ளதானே, என்னை ஏன் கீழே போடச் சொல்லப் போறாங்க?'ன்னு கேட்காதீங்க. ஃப்ளைட் நிறைஞ்சா மேலே இடம் இருக்காது. சின்ன ரூட்கள்ல வர்ற ஏடிஆர் 72 மாதிரி இறக்கை விசிறி விமானத்துல மேல்தட்டே சின்னது. முன் சீட்டுக்கு அடியில நுழையற அளவு மெத்துன்னு ஒரு பைதான் அங்கே கெத்து. சில சமயம் சட்டமே மாறும். 2017 மார்ச்சில் அமெரிக்கா, துபாய், அபுதாபி, தோஹா உள்பட 10 விமான நிலையங்கள்ல இருந்து வர்றவங்க செல்போனைவிடப் பெரிய எலெக்ட்ரானிக் சாமான் எதையும் கேபினுக்குள்ள கொண்டுவரக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. கேமராவும் அதுல அடக்கம். சில மாசத்துல அந்தத் தடை போயிடுச்சு. ஆனா அந்த நாள்ல மாட்டினவங்க பாவம்தானே?

அடுத்து, பேட்டரி. இதுல விளையாடவே கூடாது. கேமராவுக்கு வெளியே இருக்கற எக்ஸ்ட்ரா லித்தியம் பேட்டரியும், பவர் பேங்க்கும் கட்டாயம் கையில வர்ற பையிலதான் இருக்கணும். செக்-இன் பெட்டியில போடவே கூடாது. கீழ் அறையில தீப்பிடிச்சா போய் அணைக்க ஆள் கிடையாது, மேலே புகைஞ்சா அணைக்க ஆள் இருக்கு. அதான் காரணம். 100 வாட்-ஹவர் வரைக்கும் தனி அனுமதி வேண்டாம். 100-ல இருந்து 160 வரைக்கும் விமான நிறுவனத்தோட அனுமதி வேணும், அதுவும் ரெண்டு எக்ஸ்ட்ராதான். அதுக்கு மேல கிடையவே கிடையாது.

வாட்-ஹவர் எப்படிக் கண்டுபிடிக்கறது? ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான் பாஸ்! வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால பெருக்குங்க. 7.2 வோல்ட், 1,865 மில்லி ஆம்பியர்-ஹவர் பேட்டரின்னா சுமார் 13.4. கேமரா பேட்டரிக்கெல்லாம் பயமே இல்லை. 20,000 மில்லி ஆம்பியர்-ஹவர் பவர் பேங்க்னா, 3.7 வோல்ட் கணக்குல 74. அதுவும் ஓகே. ஆனா பேட்டரியோட உலோக முனை சாவி, சில்லறையில உரசாம மூடி போட்டு வைங்க. மூடி இல்லைன்னா ஒரு துண்டு டேப் போதும். இதையெல்லாம் தனி பவுச்சுல வெச்சு பையோட மேலேயே வைங்க. கேட்ல பை போனாலும் அந்த பவுச் உங்க கையில இருக்கணும்.

செக்யூரிட்டியில கேமராவை வெளியே எடுத்து ட்ரேயில வைக்கச் சொல்வாங்க. அதனால ஒரே ஜிப்ல திறக்கற மாதிரி அடுக்குங்க. எக்ஸ்ரேயால டிஜிட்டல் கேமராவுக்கும் மெமரி கார்டுக்கும் ஒண்ணும் ஆகாது. பழைய ஃபிலிம் ரோல் மோகத்துல இருக்கறவங்க மட்டும் உஷார். புதுசா வர்ற சிடி ஸ்கேனர் ஃபிலிமைப் பாழாக்கிடும். கையால சோதிக்கச் சொல்லிப் பணிவா கேளுங்க. ட்ரைபாட்? துணிமணியில சுத்தி செக்-இன் பெட்டியில போட்டுடுங்க, வாக்குவாதமே வேண்டாம்.

இன்னொரு விஷயம், காசு. உள்நாட்டுப் பயணத்துல செக்-இன் பெட்டி தொலைஞ்சாலோ சேதமானாலோ விமான நிறுவனத்தோட பொறுப்பு ஒரு பயணிக்கு அதிகபட்சம் 20,000 ரூபாய்தான். டிபார்ட்மென்ட் கேமராவும் லென்ஸும் அதுக்குள்ள அடங்குமா? அடங்காது. அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. ஒண்ணு, பாடி, லென்ஸ் எல்லாத்தோட சீரியல் நம்பரையும் செல்போன்ல போட்டோ எடுங்க. ரெண்டு, ஹெச்ஓடி-கிட்ட போய் "சார், இதுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?"ன்னு கூச்சப்படாம கேளுங்க. ஒரு மூணாவது வருஷ மாணவியோட ஒத்தைக் கையெழுத்து மேல அவ்வளவு பாரத்தையும் ஏத்தறது நியாயம் இல்லை. டீம்ல எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்க தங்கச்சி.

திரும்பி வரும்போது மெமரி கார்டு பையில வேண்டாம், உங்க உடம்போட இருக்கட்டும். கேமரா போனா கஷ்டப்பட்டாவது இன்னொண்ணு வாங்கலாம். அந்த வருஷத்துப் பூஜை திரும்ப வராது.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். கிளம்பறதுக்கு முந்தின நாள் எல்லாத்தையும் அடுக்கி, தெருமுனை பழைய பேப்பர் கடையில தொங்கற தராசுல பையை மாட்டிப் பாருங்க. கடைக்கார அண்ணாச்சி சிரிப்பார். சிரிக்கட்டும். முள் ஆறரையைத் தாண்டினா, முறுக்கு டப்பாவை இறக்குங்க, லென்ஸை இறக்காதீங்க.

மதுரை ஸ்டூடியோ அண்ணன்கிட்ட அதுக்கப்புறமும் பலமுறை லென்ஸ் வாங்கிட்டுப் போயிருக்கேன். ஒவ்வொரு தடவையும் அதே "பத்திரம்பா" மட்டும்தான். ஆனா ஒவ்வொரு தடவையும் நான் அவர் கண் முன்னாடியே பையை எடை போட்டுக் காட்டிட்டுத்தான் கிளம்புவேன்.

கொல்கத்தா படங்களைக் கட்டாயம் அனுப்புங்க தங்கச்சி. ஹேப்பி ஜர்னி! அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!