ஆறாம் வகுப்பின் முதல் வாரம்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டன. பெரியபாளையம் பேருந்து நிலையத்தில் காலையில் இப்போது இரண்டு கூட்டம். ஒன்று, கும்மிடிப்பூண்டிக்கும் தேர்வாய்கண்டிகைக்கும் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இன்னொன்று, சீருடையில் நிற்கும் அவர்களுடைய பிள்ளைகள். பாடப்புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் அரசு தருகிறது. அதில் குறை இருந்தால் செய்தியாக வந்துவிடும். செய்தியாக வராத ஒன்றைப் பற்றி நாம் இங்கே பேச விரும்புகிறோம். இந்த ஆண்டு புதிதாக ஆறாம் வகுப்பில் கால் வைத்திருக்கும் நம் தெருப் பிள்ளைகளின் முதல் வாரம் அது.

எல்லாபுரம் ஒன்றியத்துக் கிராமங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளை படித்தது பெரும்பாலும் தன் தெருவிலோ தெரு முனையிலோ இருக்கும் தொடக்கப் பள்ளியில். கூடப் படித்தவர்கள் சித்தப்பா பிள்ளை, அத்தை பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை. வாத்தியாருக்கு எல்லார் வீடும் தெரியும். ஆறாம் வகுப்புக்கு நடுநிலைப் பள்ளிக்கோ உயர்நிலைப் பள்ளிக்கோ போக வேண்டும். அது ஊர்ப் பக்கம் இருக்கும். தூரம் என்று பார்த்தால் ஒரு கிலோமீட்டர், மிஞ்சினால் மூன்று. ஆனால் பத்து, பதினோரு வயதுப் பிள்ளை தன்னந்தனியாக ஊருக்குள் நுழைந்து, ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காரப் போவது அதுதான் முதல் தடவை. தான் யார் என்று மற்றவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதை அது முதன்முதலாகக் கேட்கும் இடமும் அதுதான்.

அந்த வகுப்பறையில் முதல் வாரத்தில் என்ன நடக்கிறது? பெயர் எழுதுகிறார்கள், இடம் பிரிக்கிறார்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வரும். உதவித்தொகைக் கணக்கு. ஆசிரியர் நாற்காலியில் இருந்தபடியே, "எஸ்.சி. பிள்ளைங்கள்லாம் எழுந்து நில்லுங்க" என்பார். தலையை எண்ணுவார், எழுதிக்கொள்வார், "உட்காருங்க" என்பார். எல்லாம் ஒரு நிமிடம்தான். ஆசிரியரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. பிள்ளைகளுக்குப் பணம் கிடைக்கட்டும் என்றுதான் அவர் அதைச் செய்கிறார். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் நாற்பது ஜோடிக் கண்கள் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுகின்றன. அந்த ஆண்டு முழுவதும் அது மறக்காது. நம்மில் பலருக்கு நாற்பது வருடம் கழித்தும் மறக்கவில்லை. நின்றவர்களும் மறக்கவில்லை, எழுந்து நிற்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்தே இருந்து உதவித்தொகையை இழந்தவர்களும் மறக்கவில்லை.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். இன்றைய திருவள்ளூர் மாவட்டமும் அன்று செங்கல்பட்டைச் சேர்ந்ததுதான். பின்னாளில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர். 1939இல் வெளியான தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி எழுதுகிறார். கூடப் படித்தவர்களோடு பழகினால் தன் சாதியும் குடும்பமும் தெரிந்துவிடும் என்று பயந்து, மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே இருந்து படித்துக்கொண்டிருப்பாராம். வகுப்பு தொடங்கியதும் உள்ளே போவாராம். விட்டதும் யாரும் கூட வராதபடி வேகமாக நடந்து வீடு சேர்வாராம். நடந்து நூற்றைம்பது ஆண்டு ஆகப்போகிறது. பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கும் வரை தயங்கி நிற்கும் பிள்ளையை இன்றும் பார்க்கிறோம். பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

உதவித்தொகை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது சலுகையல்ல, போராடிப் பெற்ற உரிமை. 1893இல் பஞ்சமர் கல்விக்கென்று அரசாணை வந்ததிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. இன்று ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெண் பிள்ளைகளுக்கு ஊக்கத்தொகையாக 3 முதல் 5ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 500 ரூபாய், ஆறாம் வகுப்பில் 1,000 ரூபாய், 7, 8ஆம் வகுப்புகளில் 1,500 ரூபாய் உண்டு. அந்த ஆயிரம் ரூபாய், கூலிக்குப் போகும் ஒரு தாய்க்கு இரண்டு, மூன்று நாள் சம்பளம். ஒரு ரூபாயும் விடக் கூடாது. நம் கேள்வி கணக்கெடுக்கும் முறையைப் பற்றியது. ஒவ்வொரு மாணவரின் சமூக விவரமும் சேர்க்கையின்போதே எமிஸ் பதிவில் ஏறிவிடுகிறது. கணினியில் இருப்பதை வகுப்பில் உரக்கக் கேட்பது எதற்கு? விடுபட்டது ஏதாவது இருந்தால் தலைமை ஆசிரியர் அறையில், பெற்றோரை வைத்துக்கொண்டு கேட்கலாம்.

இதை நாம் புதிதாகச் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18ஆம் தேதி 610 பக்க அறிக்கையை அவர் முதல்வரிடம் கொடுத்தார். வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காமல் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும், கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்று அதில் பல பரிந்துரைகள் உண்டு. கயிறைப் பற்றி ஊடகங்களில் நாள்கணக்காக விவாதம் நடந்தது. உதவித்தொகையைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள் என்ற வரியைப் பற்றி யாரும் பேசவில்லை. செலவில்லாமல், சட்டம் இயற்றாமல், நாளைக் காலையிலிருந்தே ஒரு தலைமை ஆசிரியர் செய்யக்கூடியது அதுதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு குழந்தையை அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது என்பதை ஆசிரியப் பெருமக்களுக்கு மரியாதையோடு நினைவூட்டுகிறோம்.

அகர வரிசையும் சின்ன விஷயமாகத் தோன்றும். அவரவர் இஷ்டத்துக்கு உட்காரட்டும் என்று விட்டால் வகுப்பறை தெரு வாரியாகப் பிரிந்துகொள்ளும். ஊர் எப்படி இருக்கிறதோ பெஞ்சும் அப்படியே. அம்பேத்கர் சாக்குத் துணியை வீட்டிலிருந்து எடுத்துப்போய், அதில் தனியாக உட்கார்ந்து படித்தார். இன்று சாக்கு இல்லை, ஆனால் கடைசி பெஞ்ச் இருக்கிறது. யாரும் அங்கே உட்காரச் சொல்வதில்லை, பிள்ளைகளே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அதனால்தான் ஆசிரியர் தலையிட வேண்டும் என்கிறோம்.

துடைப்பம் யார் கைக்குப் போகிறது என்பதும் முதல் வாரத்தில்தான் முடிவாகிறது. 2022இல் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் மாணவர்களைக் கழிவறை சுத்தம் செய்ய வைத்ததாகத் தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டார். 2025 ஏப்ரலில் கிணத்துக்கடவு பக்கம் ஒரு தனியார் பள்ளியில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு தலித் மாணவி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதினார். இவை வெளியே வந்தவை. எங்கோ கொங்கு நாட்டில் நடந்தது என்று திருவள்ளூர்க்காரர்கள் நிம்மதிப்பட முடியாது. கும்மிடிப்பூண்டி பக்கம் தோக்கமூரில் தீண்டாமைச் சுவர் இடிக்கப்பட்டதே 2022 அக்டோபரில்தான்.

இனி வயிற்றுக்கு வருவோம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நல்ல திட்டம். மறுபேச்சில்லை. ஆனால் அது 1 முதல் 5ஆம் வகுப்பு வரைதான். நடுநிலைப் பள்ளி என்பது 1 முதல் 8 வரை ஒரே வளாகம். காலையில் உப்புமாவும் கிச்சடியும் பரிமாறும்போது தம்பி தட்டோடு உட்கார்ந்திருப்பான், ஆறாம் வகுப்பு அக்கா தூணோரம் நிற்பாள். போன ஏப்ரல் வரை அவளுக்கும் அங்கே தட்டு இருந்தது. இந்த ஜூனில் இல்லை. அம்மா வயலுக்கோ சூளைக்கோ விடிகாலையில் கிளம்பிவிட்டார், அப்பா முதல் ஷிஃப்ட். பதினோரு வயதில் பசி குறைந்துவிடுவதில்லை, கூடத்தான் செய்கிறது. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை இருக்கும்போது காலை உணவை ஐந்தோடு நிறுத்துவதற்கு நிதியைத் தவிர வேறு காரணம் இல்லை. முதலில் நடுநிலைப் பள்ளிகளிலாவது எட்டாம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும். அடுப்பு, பாத்திரம், சமைப்பவர் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன.

இன்னும் பள்ளிக்கே வந்து சேராத பிள்ளைகளும் உண்டு. பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிச் சூளைக்குப் போன குடும்பங்கள் மழை தொடங்கும்போதுதான் ஊர் திரும்பும். இருளர் குடும்பங்களும் ஆதிதிராவிடர் குடும்பங்களும் இதில் உண்டு. கூடவே போன பிள்ளை ஆண்டுத் தேர்வு எழுதியிருக்காது, ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான் பள்ளி வாசலுக்கு வரும். "தேர்வு எழுதல, டி.சி. இல்ல, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் அது சட்டப்படி தவறு. வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, தேதி முடிந்துவிட்டது என்றோ 6 முதல் 14 வயதுள்ள எந்தப் பிள்ளைக்கும் இடம் மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2010 ஏப்ரல் 1 முதலே இதுதான் சட்டம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. சாதிச் சான்றிதழ் இல்லை என்றாலும் சேர்க்கைக்குத் தடையில்லை. ஆனால் பின்னால் உதவித்தொகைக்கும் விடுதிக்கும் அது வேண்டும் என்பதால் இப்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியர் தருவார், இருளர் போன்ற பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் தர வேண்டும். எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் ஊத்துக்கோட்டைக்கு நாலு நடை நடந்து, நாலு நாள் கூலியை விட்டவர்களை நமக்குத் தெரியும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கூட்டம் நடப்பது வேலை நேரத்தில் என்றால், போனால் ஒரு நாள் சம்பளம் போகும். அதனால் நம் தெருவிலிருந்து பெயர் இருக்கும், ஆள் இருக்காது. கையெழுத்து மட்டும் வீடு தேடி வரும். கூட்டத்தை மாலையில் வையுங்கள் என்று கேட்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. சிப்காட் ஷிஃப்ட் தெரிந்த ஊரில் இதைக் கேட்டால் யாரும் வியக்கப் போவதில்லை. அடுத்த மாதம் ஆடி பிறந்தால் பவானியம்மன் கோயிலுக்குக் கூட்டம் வரும். வேப்பிலை விற்க, கடையில் கூடமாட நிற்க என்று பிள்ளைகளை அழைப்பார்கள். ஞாயிறு சரி, திங்கள்கிழமை பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள்.

மாணவர்களே, வகுப்பில் யாராவது உங்கள் சாதியைக் கேட்டாலோ, துடைப்பத்தை உங்களிடம் மட்டும் கொடுத்தாலோ அது உங்கள் தவறு அல்ல. 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், 1098 குழந்தைகளுக்கான உதவி எண். இரண்டுக்கும் காசு கிடையாது. வீட்டில் அக்காவிடமோ அம்மாவிடமோ முதலில் சொல்லுங்கள்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அன்றைய முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆவணத்திலிருந்து போன சொல் வருகைப் பதிவேட்டு ஓரத்திலும் ஆசிரியர் வாயிலும் தங்கிவிடாமல் வட்டாரக் கல்வி அலுவலர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் மாவட்டத்தின் ஆத்துப்பாக்கத்தில் 2020 சுதந்திர தினத்தன்று ஊராட்சித் தலைவரான தலித் பெண்மணி கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியரே நேரில் போய் அவரைக் கொடியேற்ற வைத்தார். அந்தத் தலைவரை அன்று தடுத்தவர்களும் ஏதோ ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்துத்தான் வந்திருப்பார்கள். இந்த ஆண்டு ஆகஸ்ட் 15க்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் எல்லாபுரம் ஒன்றியத்து நடுநிலைப் பள்ளிகளில் எத்தனை இடங்களில் பிள்ளைகள் அகர வரிசைப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை இடங்களில் உதவித்தொகைப் பட்டியல் தலைமை ஆசிரியர் அறையில் தயாரானது என்பதை மாவட்டக் கல்வி நிர்வாகம் பார்த்து வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம்.