குறட்டையல்ல, மூச்சுத்திணறல்

அண்மையில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய பக் இன நாய் விழித்திருக்கும்போதே குறட்டை விட்டது. "இது இதன் சுபாவம்" என்று அவர் பெருமையுடன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது சுபாவமல்ல, மூச்சுக்கான போராட்டம். அழகு என்று கருதி, தலைமுறை தலைமுறையாக அந்த முகத்தைத் தட்டையாக்கியவன் மனிதன். மண்டையோடு குறுகியது, உள்ளிருக்கும் தசை அந்த அளவுக்குக் குறையவில்லை. நாசித்துவாரங்கள் ஒடுங்கின. நீண்டுவிட்ட மென்னண்ணம் காற்றின் வழியை அடைக்கிறது. நாய் தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்தே தணிக்கிறது. மூச்சே சீராக விடமுடியாத பிராணியை எமது வெயிலில் வளர்ப்பது என்ன நியாயம்?

2003இல் இந்தியத் தொலைக்காட்சிகளில் வந்த ஹட்ச் விளம்பரத்தில் சிறுவன் ஒருவனின் பின்னால் பக் நாய் ஓடியது. அதன் பின்னர் எத்தனை வீடுகளில் அந்த ஆசை பிறந்தது! நெதர்லாந்தோ, மூக்கு மிகக் குறுகிய நாய்களை இனப்பெருக்கம் செய்வதைத் தடுக்கும் அளவுகோலை 2019இல் வகுத்தது.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாங்குபவன் இல்லையேல் விற்பவன் இல்லை.

ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் உடல் பருக்க விடாதீர்கள். கழுத்துப்பட்டியை விடுத்து மார்புப்பட்டி அணிவியுங்கள். நண்பகலில் வெளியே கூட்டிச் செல்லாதீர்கள். நாக்கு நீலம் பாய்ந்தால் உடனே மிருக வைத்தியரிடம் விரையுங்கள்.

மற்றவர்களுக்கு: எமது தெருநாயின் நீண்ட மூக்கும் அழகுதான். அது நிம்மதியாக மூச்சு விடுகிறது.