வண்டி தானே கியர் மாற்றுவது ஏன்?

ஊத்துக்குளிச் சாலைகளில் இப்போது கிளட்ச் பெடல் இல்லாத கார்களையும் காண்கிறோம். ஒரு காலத்தில் இது பணக்காரர் வண்டி. 2014-ல் மாருதியின் செலேரியோ கார், ஏ.எம்.டி. என்னும் மலிவான முறையுடன் வந்த பிறகு, நடுத்தரக் குடும்பங்களுக்கும் இவ்வசதி எட்டியது.

ஆனால் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பயம். செங்கப்பள்ளியில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பப் பிரேக்கை மிதிக்கிறார்கள். எஞ்சின் திடீரென்று உறுமுகிறது. "வண்டி கெட்டுவிட்டதோ?" என்று திகைக்கிறார்கள்.

கெடவில்லை. வேகம் குறைந்த பிறகும் பெரிய கியரிலேயே இருந்தால் எஞ்சின் திணறும். மறுபடி வேகமெடுக்க இழுவை இராது. ஆகவே வண்டியிலுள்ள கம்ப்யூட்டர், வேகத்தையும் ஆக்ஸிலேட்டரையும் கவனித்து, நான்கு, மூன்று, இரண்டு என்று கியரைக் குறைக்கிறது. சிறிய கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றும். அதுதான் அந்த உறுமல்.

கவனம் வேண்டியது மலை இறக்கத்தில். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இறங்கும்போது சில வண்டிகள் தாமாகவே பெரிய கியருக்குப் போய்விடும். பிரேக்கை மட்டும் நம்பினால், அது சூடேறிப் பிடி தளரும். கையால் கியரைக் குறைக்கும் வசதி இருந்தால், சிறிய கியரில் வைத்தே இறங்குங்கள். நியூட்ரலில் இறங்கவே கூடாது. எஞ்சினின் பிடி அடியோடு போய்விடும்.

கியர் மாற்றும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஆனால் வண்டியில் இருக்கும் பெண்டு பிள்ளைகளின் பொறுப்பு, ஓட்டுகிறவருடையதே.