கரையைக் காணாத திரை

நாட்டிலேயே மிக உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் இராமேசுவரம் தீவில் நிற்கிறது. உயரம் 323 மீட்டர். அதற்கு முன்பே தொலைக்காட்சிக்கு ஏங்கிய கரை இது. 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபின், கூரைமேல் நெடுங்கம்பம் நட்டு, ஆண்டெனாவைக் கடலுக்கு அப்பால் திருப்பி வைத்துப் படம் பார்த்தவர்கள் இம்மக்கள். 2006இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வந்தது; 2011இல் எழுபது ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தது; இன்று கைப்பேசியே திரையாகிவிட்டது. கருவிக்குக் குறைவில்லை. அக்கருவியில் இக்கரையின் வாழ்வு எங்கே என்பதே நம் கேள்வி.

மாலை ஆறு மணிக்குமேல் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் வீடுதோறும் நெடுந்தொடர் ஓடுகிறது. பளிங்குத் தரை, பட்டுப் புடவை, சொத்துக்காக ஒருவர்க்கொருவர் செய்யும் வஞ்சனை. அதைப் பார்த்திருக்கும் பெண்களில் பலர், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரத்தில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள். அவர்கள் தொடர் பார்ப்பதை நாம் குறை கூறோம். உழைத்துக் களைத்த உடலுக்கு அந்த அரைமணி நேர ஓய்வு நியாயமானது. குறை, அவர்களுக்குக் கதை சமைப்போரிடம் இருக்கிறது.

இக்கரை திரையில் தோன்றும் தருணங்கள் இரண்டே. ஒன்று, புயல். மற்றொன்று, இலங்கைக் கடற்படையின் கைது. முந்தைய நாள் கடலுக்குச் சென்ற விசைப்படகு விடிந்தும் திரும்பாத வீட்டில், ஒலியைக் குறைத்துவிட்டு, திரையின் அடியில் ஓடும் எழுத்துகளையே பார்த்தபடி அமர்ந்திருக்கிறார்கள். எத்தனை படகு, எத்தனை பேர் என்று ஓடி, அடுத்த வரி தங்கத்தின் விலைக்குப் போய்விடுகிறது. அவ்வீட்டாருக்கு அவ்வரிக்குப் பின்தான் எல்லாம் தொடங்குகிறது. காவல் நீட்டிப்பு, பறிமுதலான படகு, அதன்மேல் நிற்கும் கடன் ஆகியவற்றைத் தொடர்ந்து காட்ட எவரும் முன்வருவதில்லை.

பார்வையாளர் விரும்புவதைத்தான் தருகிறோம் என்பர் நிறுவனத்தார். அந்த விருப்பம், நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் பொருத்திய கருவிகளைக் கொண்டு கணிக்கப்படுவது. அக்கணக்கில் ஒரு மீனவக் குப்பத்தின் எடை என்னவாக இருக்க முடியும்? 2011இல் நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனம், தன் நாட்டுக் கரையோரம் செல்லும் ஒரு கப்பலின் பயணத்தை 134 மணி நேரம் இடைவிடாது நேரலையாகக் காட்டியது. அந்நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதில் ஒரு பகுதியையேனும் பார்த்தனர். தன் கரையைத் தானே காணும் ஆவல் மக்களுக்கு உண்டு, காட்டுவதற்குத்தான் ஆளில்லை.

இங்கும் செய்ய முடியாததன்று. பாம்பனில் மீனவர்க்கெனவே 2016இல் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலி, அவர்களுடைய பேச்சிலேயே அவர்களுடைய தொழிலைப் பேசிவருகிறது. தூர்தர்ஷனின் பொதிகை, டிடி தமிழாகப் புதுப்பொலிவு பெற்றது 2024இல். அதே ஆண்டில் நம் பொது ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி, வேவ்ஸ் என்னும் இணையத் தளத்தையும் திறந்தது. விளம்பர வருவாய்க்கு மட்டும் கட்டுப்படாத இவ்விரண்டுக்கும் கடமை கூடுதல். கச்சான், சோளகம், வாடை என்று காற்றின் பெயர் அறிந்த கரையோர இளைஞர்களிடமே கேமராவைக் கொடுத்து, நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர் வீட்டிலிருக்கும் காலம் அது. வரும் தடைக்காலத்தின் முதல் மாலையிலேயே அந்நிகழ்ச்சி தொடங்கட்டும்.