பிள்ளைகளை எவ்வளவு தூரம் விடுவது?

கோடை விடுமுறை விட்டதும் நாங்குநேரி வட்டாரத்துத் தாய் தகப்பன்மார்களுக்கு ஒரு கவலை பிடித்துக் கொள்கின்றது. பையன் குளத்துக்குக் குளிக்கப் போகவேண்டும் என்கிறான். சைக்கிளை எடுத்துக்கொண்டு கூந்தன்குளத்துப் பறவைகளைப் பார்த்துவர வேண்டும் என்கிறான். சேக்காளிகளோடு களக்காட்டு மலையடிவாரம் வரை போகவேண்டும் என்கிறான். விடலாமா, கூடாதா? விட்டால் எவ்வளவு தூரம் விடுவது? இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தைச் சொல்லிவிட விரும்புகின்றோம்.

பிள்ளைக்காகப் பயப்படுவது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததற்குப் பயப்படுவதுதான் தவறாகும். நம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளை பிறந்ததும் ஜோசியனைக் கூப்பிடுகின்றோம். அவன் "தண்ணீரில் கண்டம்" என்று எழுதிவைத்துத் தட்சணை வாங்கிக்கொண்டு போய்விடுகின்றான். தகப்பன் அதை நம்பிப் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்க்கின்றான். பையனுக்கு மீசை அரும்பும் வயதில் வீட்டுக்குத் தெரியாமல் சேக்காளிகளோடு போய் இறங்குகின்றான். நீந்தத் தெரியாமல் மூழ்குகின்றான். ஜோசியன் சொன்னது பலித்தது என்று ஊர் பேசுகின்றது. பையனைக் கொன்றது கிரகமா, நீச்சல் கற்றுக்கொடுக்காத பயமா என்று கேட்பார் ஒருவருமில்லை.

நீந்தக் கற்ற பிள்ளைக்கு ஜாதகம் வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கின்றது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலும், பிறரைக் காப்பாற்றும் முறையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றும், அதற்குக் கீழ்ப்பட்டவர்களைப் பெரியவர் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே நிறுவனம் சொல்கின்றது. குளங்கள் நிறைந்த வங்காளதேசத்தில் கிராமத்துக் குளங்களிலேயே மூங்கில் கட்டி இதைக் கற்றுக் கொடுக்கிறார்கள். நம் பாட்டன்மார் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கற்றுக் கொடுக்கவில்லையா?

நிற்க. நமது தாமிரபரணிக் கரையிலேயே நடந்த ஒரு சம்பவத்தை வாசகர்களுக்கு ஞாபகப்படுத்துகின்றோம். சேரன்மாதேவியில் வ.வே.சு. அய்யர் ஒரு குருகுலம் நடத்தினார். அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போட்டதை நமது இயக்கத்தார் கண்டித்ததும் நாடறிந்த சங்கதி. அவர் 1925 ஜூன் மாதத்தில் பாபநாசத்துக்குப் போயிருந்தபோது, அவர் மகள் சுபத்திரை அருவி நீரில் தவறி விழ, காப்பாற்றப் பாய்ந்த தகப்பனும் மாண்டு போனார். பெற்ற மகளுக்காக உயிரைக் கொடுத்தவரை நாம் வணங்குகின்றோம். ஆனால் வெள்ளத்தின் வேகம் யாருடைய வீரத்தையும் பார்ப்பதில்லை என்ற பாடத்தையும் மறக்கலாகாது. விழுந்தவரைக் காக்கக் குதிப்பதைவிடக் கயிறோ, சேலையோ, காலிக்குடமோ வீசுவதே அறிவுடைமை.

அந்தக் குருகுலத்திலிருந்து வேறொரு பாடமும் உண்டு. மலையும் ஆறும் காட்டித் தைரியம் கற்பிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, ஒரே பந்தியில் உட்காருகிற தைரியம் கற்பிக்கப்படவில்லை! நூறு வருஷம் கழித்து நிலைமை என்ன? 2023 ஆகஸ்டில் இதே நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனை அவனோடு படித்த பையன்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் எந்தக் குளத்திலும் விழவில்லை. வீட்டிலேதான் இருந்தார்கள். நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் ஜாதியைக் காட்டும் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று சொல்லவேண்டி வந்தது. அந்தக் கயிற்றைப் பிள்ளைகளா கண்டுபிடித்தார்கள்? பெரியவர்கள் நெஞ்சில் முடிந்து வைத்திருந்ததல்லவா பிள்ளைகள் கையில் ஏறிற்று?

ஆகவே, "எவ்வளவு தூரம் விடுவது" என்று கேட்கும் தகப்பனை நாம் திருப்பிக் கேட்கின்றோம். உன் பையன் குளத்துக்குப் போனால் பயப்படுகிறாய். அடுத்த தெருப் பையனோடு போனால் அதைவிட அதிகமாகப் பயப்படுகிறாயே, அது என்ன நியாயம்? உன் மகள் சைக்கிள் ஏறினால் ஊர் என்ன சொல்லுமோ என்கிறாயே, அந்த ஊரா அவளுக்குச் சோறு போடுகிறது? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டைச் சீமையில் அறிவொளி இயக்கத்தால் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். ஊர் சிரித்தது, பிறகு ஊரே அந்தச் சைக்கிளின் பின்னால் ஏறிப் போயிற்று.

எங்கள் யோசனை இது. வயதைப் பார்த்து விடாதே. தெரிந்ததைப் பார்த்து விடு. நீந்தத் தெரியாத பிள்ளை, இருபது வயதானாலும் ஆழத்தில் இறங்க வேண்டாம். கோடையில் நீர் வற்றியபோதே பெரியவர்கள் குளத்தில் இறங்கி, வண்டல் அள்ளிய பள்ளங்கள் எங்கே என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். மறுகால் பாயும்போதும், மடைவாயிலும், அருவித் தடாகத்திலும் யாரும் இறங்கலாகாது. தனியே போகக் கூடாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிப் போகவேண்டும். சொன்னபடி திரும்பினால் அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தூரம் விடு. பாம்பு கடித்தால் மந்திரவாதியிடம் ஓடாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடக் கற்றுக்கொடு. இதெல்லாம் பெண்ணுக்கும் ஆணுக்கும், மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஒன்றே.

இவ்விதம் ஒரு குளத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து நீந்தக் கற்றால், மூழ்குகிறவனைக் கைகொடுத்துத் தூக்கும்போது அவன் என்ன ஜாதி என்று கேட்க எவனுக்கும் தோன்றாது. அந்த நாள் வரும்வரை, பெற்றோர்களே, பிள்ளைகளைக் கட்டிவைக்கும் பயத்தில் எது அறிவால் வந்தது, எது ஜோசியனாலும் ஜாதியாலும் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தூக்கி எறியுங்கள்.